முதல் அட்டை

அசையும் கோடுகள்: தொடர் 19

திரையரங்கில் விளக்கு அணைந்ததிலிருந்து கதை தொடங்கும்வரை என்னென்ன வருகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முதலில் தணிக்கைச் சான்றிதழ். அதைப் படிக்க முயல்பவர்கள் உண்டு, படித்து முடித்தவர்கள் இல்லை. பிறகு புகையிலை எச்சரிக்கை. பிறகு நன்றி அட்டை: இடம் கொடுத்த கல்லூரி, கார் கொடுத்த நண்பர், மாலையோடு ஒரு தாத்தா படம். அதற்கப்புறம்தான் இருட்டிலிருந்து ஒரு ஒளி கிளம்பி, எழுத்துகள் சுழன்று வந்து நிற்கும். இலச்சினை என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் லோகோ என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பத்துப் பதினைந்து நொடியை அலங்காரம் என்று நினைத்துத்தான் நாம் பாப்கார்னைப் பிரிக்கிறோம். உண்மையில் அது பட்டா. இந்தப் படம் யாருக்குச் சொந்தம், இதிலுள்ள பாத்திரங்களை நாளைக்கு யார் பொம்மையாகவும் புத்தகப் பையாகவும் விற்கலாம் என்பதை அந்த முதல் அட்டை சொல்லிவிடுகிறது. நாற்று நட்டவர்களின் பெயர் படம் முடிந்தபின் ஓடும் சுருளில் வரும். அப்போது அரங்கில் விளக்கு போட்டிருப்பார்கள், துடைப்பத்தோடு ஆள் உள்ளே வந்திருப்பார்.

சென்ற இதழில் சென்னையின் பென்டாமீடியாவைப் பார்த்தோம். 2000ஆம் ஆண்டிலேயே நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்யும் மோஷன் கேப்சரை நம்பி ஒரு முழுநீள சிந்துபாத் படத்தில் இறங்கிய துணிச்சல் அது. இந்த இதழில் ஹைதராபாத், குறிப்பாக மாதாப்பூர். கடைசிச் சுருளில் பெயர் பெற்ற ஊர், முதல் அட்டைக்கு ஆசைப்பட்ட கதை.

அதற்கு முன் பழைய லோகோக்கள் கொஞ்சம். ஸ்டுடியோ என்பது ஓர் இடமாக, காம்பவுண்டுச் சுவரும் வாயிற்காவலருமாக இருந்த காலத்தில், லோகோ அந்த இடத்தின் தோரணவாயில். 1940இல் எஸ்.எஸ். வாசன் தொடங்கிய ஜெமினிக்கு ஊதுகொம்பு பிடித்த இரட்டைக் குழந்தைகள். ஜெமினி என்றால் மிதுனம், மிதுனம் என்றால் இரட்டை. சின்னத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அந்த ஸ்டுடியோ போய்விட்டது. ஆனால் அண்ணா மேம்பாலத்தை இன்னமும் ஜெமினி மேம்பாலம் என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்கிறோம். வடபழனியில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயாவுக்கு அனுமன் கொடி. விஜயன் என்பது அர்ஜுனனின் பெயர், அவன் தேர்க்கொடியில் அனுமன்.

தெலுங்குப் படவுலகம் சென்னையிலிருந்து மெல்ல மெல்ல ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தபோது லோகோக்களும் கூடவே போயின. 1976இல் அக்கினேனி நாகேஸ்வர ராவ் அங்கே அன்னபூர்ணா ஸ்டுடியோவைக் கட்டினார். 1964இல் சென்னையில் தொடங்கிய டி. ராமாநாயுடுவின் சுரேஷ் புரொடக்ஷன்ஸ் லோகோவில் எஸ், பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள்மேல் இரண்டு சிறுவர்கள் நிற்பார்கள். அவருடைய பிள்ளைகள்தான், சுரேஷ் பாபுவும் வெங்கடேஷும். பிள்ளைகள் வளர்ந்து ஒருவர் தயாரிப்பாளர், ஒருவர் கதாநாயகர் ஆனார்கள். பட்டா என்று நான் சொன்னதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடைக்காது. வாரிசுகளையே பத்திரத்தில் வரைந்துவிட்டார்.

அனிமேஷன் ஸ்டுடியோவின் லோகோ இன்னும் ஒரு படி மேலே. மற்றவர்களுக்கு லோகோ பெயர்ப்பலகை. இவர்களுக்கு அதுவே சரக்கு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அந்த ஒரு சோற்றை முதலிலேயே எடுத்து நீட்ட வேண்டியிருக்கிறது. பதினைந்து நொடி என்றால் நொடிக்கு 24 வீதம் 360 ஃப்ரேம். அதற்குள் எடை, வேகம், வெளிச்சம், குணம் எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

பிக்ஸாரின் மேசைவிளக்கு இதில் பாடப்புத்தகம். 1986இல் ஜான் லாஸெட்டர், தன் மேசைமேல் இருந்த விளக்கையே மாதிரியாக வைத்து ‘லக்ஸோ ஜூனியர்’ என்ற சுமார் இரண்டு நிமிடப் படத்தை எடுத்தார். ஒரு பெரிய விளக்கு, ஒரு குட்டி விளக்கு, ஒரு பந்து. முகம் கிடையாது, கண் கிடையாது, வசனம் கிடையாது. ஆனாலும் குட்டி பந்தின்மேல் ஏறிக் குதித்து அதை உடைத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போடும்போது, திட்டு வாங்கிய பிள்ளை நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் குட்டிதான் பிறகு லோகோவில் துள்ளி வந்து ஐ என்ற எழுத்தின்மேல் ஏறி மிதித்து, தட்டையாக்கிவிட்டு, நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. எழுத்தைச் சுழற்ற எந்தக் கம்ப்யூட்டராலும் முடியும். எழுத்துக்கு வலிக்கிறதோ என்று நம்மை நினைக்க வைப்பது கலைஞரின் வேலை.

ட்ரீம்வொர்க்ஸின் பிறைநிலாச் சிறுவன் வேறு விதம். அங்கே முதலில் கம்ப்யூட்டரில் செய்யலாம் என்றுதான் பேச்சு. எஃபெக்ட்ஸ் மேதை டென்னிஸ் மியூரன், கையால் வரைந்தால்தான் நன்றாயிருக்கும் என்று சொல்லி, ஓவியர் ராபர்ட் ஹன்ட்டிடம் வேலை போனது. தூண்டிலோடு நிலாவில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு மாதிரி ஓவியரின் மகன். பிள்ளைகளை லோகோவில் உட்காரவைக்கும் வழக்கம் ஹைதராபாத்துக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

பிக்ஸாரை இங்கே இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாதாப்பூர் கதையின் முன்கதை அங்கேதான் இருக்கிறது. 1991இல் டிஸ்னியோடு அவர்கள் போட்ட ஒப்பந்தப்படி ‘டாய் ஸ்டோரி’யின் பாத்திரங்கள் டிஸ்னிக்கே சொந்தம். உழைத்தது ஒருவர், உடைமை இன்னொருவருக்கு. 1995 நவம்பர் 22 அன்று படம் வெளியாகி ஓடு ஓடென்று ஓடியது. ஒரு வாரத்தில் பிக்ஸார் பங்குச்சந்தைக்குப் போனது. கையில் காசு வந்ததும் பிக்ஸார் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மறுபடி பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார். 1997 பிப்ரவரியில் புது ஒப்பந்தம். லாபத்தில் சரிபாதி மட்டும் போதாது, பிக்ஸார் என்ற பெயர் டிஸ்னி என்ற பெயருக்குச் சமமாக நிற்க வேண்டும் என்பதும் அவர் கேட்டு வாங்கியவற்றில் ஒன்று. லோகோ ஒப்பந்தத்தின் ஷரத்தாகிப்போனது.

சரி, மாதாப்பூர்.

இன்று அங்கே காலை ஒன்பது மணிக்குச் சாலையைக் கடக்க முயல்பவருக்கு நம்பக் கடினமாக இருக்கும். 1990களின் தொடக்கத்தில் அது பாறையும் முட்புதரும். பாறைகளுக்கிடையே, ஒருகாலத்தில் கோல்கொண்டா கோட்டைக்குத் தண்ணீர் தந்த துர்கம் செருவு. கைவினைஞர்களுக்காக 1992இல் உருவான சில்பாராமம். 1998 நவம்பர் 22 அன்று பிரதமர் வாஜ்பாய் சைபர் டவர்ஸைத் திறந்துவைத்தார். வட்டவடிவக் கட்டடம், பத்து மாடி, நடுவில் நீரூற்று. அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் ஹைடெக் சிட்டிக்கு அதுவே முகம். ஒரு விதத்தில் அந்த ஊருக்கே அது லோகோ: எந்தச் செய்திப்படமும் அதைக் காட்டாமல் ஹைதராபாத்துக்குள் நுழைந்ததில்லை.

மென்பொருள் வந்த வண்டியிலேயே அனிமேஷனும் வந்து இறங்கியது. காரணம் கலையல்ல, கரண்ட். தடையில்லா மின்சாரம், கடல்கடந்த அதிவேக இணைப்பு, இரவெல்லாம் ஓடும் குளிர்சாதனம் மூன்றும் ரெண்டருக்கு, அதாவது கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃப்ரேமையும் கணித்துப் படமாக்கும் வேலைக்கு, வேண்டும். தொண்ணூறு நிமிடப் படம் என்றால் 1,29,600 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமைக் கணிக்கக் கம்ப்யூட்டருக்குச் சில நேரம் மணிக்கணக்கில் பிடிக்கும். லாஸ் ஏஞ்சலிஸுக்கும் ஹைதராபாத்துக்கும் பன்னிரண்டரை, பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே டைரக்டர் குறிப்புச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனால் இங்கே விடியும். அவர் எழும்போது திருத்திய ஷாட் தயாராக இருக்கும். சில்பாராமத்தில் நெசவாளர் தறியோடு உட்கார்ந்திருக்க, எதிர்ச்சாரியில் ஷாட் கணக்கில் கூலி பேசி உருவங்களை நெய்தார்கள்.

கூலி என்ற சொல்லைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான். கதை, பாத்திர வரைவு, ஸ்டோரிபோர்டு எல்லாம் அங்கிருந்து வரும். லேஅவுட், கீ ஃப்ரேம், இடைப்படங்கள், கிளீன்-அப், ரிக்கிங், லைட்டிங், காம்பாசிட்டிங் இங்கே. மொத்தத் தொகை முதலிலேயே பேசி முடிக்கப்பட்டுவிடும். உரிமை ஒரு துளியும் மிச்சமில்லாமல் எழுதிக் கொடுக்கப்படும். சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியர் யார் என்று கேட்டுக்கொண்டு சொல்லும் பதில்: தயாரிப்பாளர். படம் வெளியானதிலிருந்து அறுபது ஆண்டுக்கு உரிமை. வரைந்தவருக்கு மாதச் சம்பளம், ஷோரீலில் வைக்க நாலு ஷாட். அதையும் படம் வெளியான பிறகுதான் காட்டலாம்.

ஹைதராபாத்தின் டிக்யூ என்டர்டெயின்மென்ட் இந்த வழியில் பெரிதாக வளர்ந்தது. தபாஸ் சக்ரவர்த்தி நடத்திய நிறுவனம். 2009இல் வந்த ‘அயர்ன் மேன்: ஆர்மர்ட் அட்வெஞ்சர்ஸ்’ தொடரின் பெரும் வேலை இங்கே. பிறகு 2010இல் ‘ஜங்கிள் புக்’ தொடரில் அவர்களே கூட்டுத் தயாரிப்பாளராக நிமிர்ந்தார்கள். மோக்ளி கதை நடப்பது நம் காட்டில். அது ஒரு ஹைதராபாத் கம்பெனி பெயரோடு உலகத் தொலைக்காட்சிகளுக்குப் போக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

மாதாப்பூரின் மைண்ட்ஸ்பேஸ் வளாகத்தில் கடை விரித்தது ரிதம் அண்ட் ஹியூஸ். 1987இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த நிறுவனம். கோகோ கோலா விளம்பரத்துப் பனிக்கரடிகள் இவர்கள் கைவேலை. பேசும் பன்றிக்குட்டி ‘பேப்’புக்கு ஆஸ்கார், ‘கோல்டன் காம்பஸ்’ஸுக்கு இன்னொரு ஆஸ்கார். விலங்கு என்றால் இவர்களைக் கூப்பிடு என்பது ஹாலிவுட்டில் வழக்கமாக இருந்தது. மும்பையை அடுத்து ஹைதராபாத்தில் கிளை வைத்தார்கள். அங்கே வேலை செய்தவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து, பப்புவுக்கும் சாம்பாருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள்.

2012இல் அவர்கள் வேலை செய்த ‘லைஃப் ஆஃப் பை’. புதுச்சேரியில் தொடங்கும் கதை. தாவரவியல் பூங்காவில் படப்பிடிப்பு நடந்தது. பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டு ஆஸ்கார் பரிந்துரைவரை போனது. கடல் மட்டும் தைவானில், தைச்சுங் நகரில் கைவிடப்பட்ட ஒரு விமானநிலையத்தில் கட்டிய தொட்டிக்குள். ரிச்சர்ட் பார்க்கர் என்ற புலி பெரும்பாலான ஷாட்களில் கம்ப்யூட்டர் புலி. நிஜப் புலிகளை வைத்துத் தசை எப்படி அசைகிறது, ஈரமான மயிர் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ், மும்பை, ஹைதராபாத், கோலாலம்பூர், வான்கூவர், தைவான் என்று பல ஊர்க் கைகள். ஆக, புதுச்சேரிப் பையனோடு படகில் போன வங்கப் புலியின் மயிர்க்கால் சிலவற்றை மாதாப்பூர்க்காரர் சீவிவிட்டிருக்கிறார்.

படத்தின் முதல் அட்டை டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ். அந்தத் தேடுவிளக்குகள், அந்த முரசு. உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் வசூல்.

2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹியூஸ் திவால் மனு கொடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 200க்கும் அதிகமானோருக்கு ஒரே மூச்சில் வேலை போனது. பேசிய தொகை மாறாது, ஆனால் கேட்கும் திருத்தங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு படம் தள்ளிப்போனால் அந்த மாதங்களுக்கான சம்பளம் ஸ்டுடியோ தலையில். மானியம் கொடுக்கும் நாடுகளைத் தேடி வேலை ஓடும். இந்தக் கணக்கில் வருடக்கணக்காக மூச்சுத் திணறியவர்கள், வெற்றியின் உச்சியில் விழுந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 24 அன்று அதே படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கார். மேடையேறிய பில் வெஸ்டன்ஹோஃபர் தன் நிறுவனத்தின் நிலைமையைச் சொல்லத் தொடங்கியபோது நேரம் முடிந்தது என்று ‘ஜாஸ்’ சுறாமீன் இசையை ஓடவிட்டு, மைக்கையும் அடைத்தார்கள். வெளியே தெருவில் நூற்றுக்கணக்கான எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் பதாகையோடு நின்றார்கள். கடைசிச் சுருளின் மனிதர்களுக்கு மேடையிலும் அதே கதிதான். மும்பையோடு தொடர்புடைய பிராணா ஸ்டுடியோஸ் அடுத்த மாதமே அந்த நிறுவனத்தை ஏலத்தில் வாங்கியது. பெயர் மிஞ்சியது.

உள்ளூரிலும் வரிசை இதேதான். அதே 2012இல் வந்த ராஜமௌலியின் ‘நான் ஈ’. பாதிப் படத்துக்குமேல் கதாநாயகன் ஒரு அனிமேஷன் ஈ. ஹைதராபாத்தின் மகுட்டா நிறுவனம் அதற்காகத் தேசிய விருது பெற்றது. அரங்கில் விசில் யாருக்கு விழுந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இனி, முதல் அட்டைக்கு வருகிறேன். ராஜீவ் சிலகா ஹைதராபாத்துக்காரர். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படிப்பு, வேலை. அதை விட்டுவிட்டு சான் பிரான்சிஸ்கோவில் அனிமேஷன் படிப்பு. 2001இல் ஊர் திரும்பி கிரீன் கோல்டு அனிமேஷன். கூலி வேலைக்குப் பஞ்சமில்லாத நேரத்தில், சொந்தப் பாத்திரம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு. தூர்தர்ஷனுக்கு ‘போங்கோ’, 2004இல் கார்ட்டூன் நெட்வொர்க்குக்கு ‘விக்ரம் வேதாள்’, பிறகு கிருஷ்ணன் கதைகள். 2008 ஏப்ரலில் போகோ சேனலில் ‘சோட்டா பீம்’.

கறாராகச் சொன்னால் அந்த முதல் வருடங்களின் வரைகலை சுமார்தான். நடை விறைப்பு, பின்னணி தட்டை, வாயசைவு ஏதோ அசைகிறது. மேற்கத்திய ஸ்டுடியோக்களுக்காக அதே ஊரில் அதே மாதம் வரையப்பட்டவை இதைவிடப் பல மடங்கு நேர்த்தி. ஆனால் அவற்றில் ஒரு பாத்திரமும் ஊருக்குச் சொந்தமில்லை. லட்டுத் தின்றதும் பலம் வருகிற, வேட்டி மட்டும் கட்டிய இந்தப் பையன் சொந்தம். அவன் ஊரான டோலக்பூர் சொந்தம். பள்ளிப் பை, பென்சில் பாக்ஸ், டிபன் டப்பா, ராக்கி என்று அவன் முகம் போன இடமெல்லாம் கிரீன் கோல்டுக்குக் காசு வந்தது. காசு வரவர வரைகலையும் தேறியது.

ஆனால் தொலைக்காட்சியில் ஒரு சிக்கல். அங்கே படம் ஓடும்போது மூலையில் ஒரு லோகோ நின்றுகொண்டே இருக்கும், அது சேனலுடையது. பிள்ளைகளைக் கேட்டால் பீம் போகோக்காரன் என்பார்கள். செய்தவர் பெயர் முடிவில் மின்னி மறையும், அதற்குள் விளம்பரம் வந்துவிடும். அதனால்தான் 2012 மே 18, வெள்ளிக்கிழமையை நான் இந்தத் தொடரில் தனியாகக் குறித்துவைத்தேன். அன்று ‘சோட்டா பீம் அண்ட் தி கர்ஸ் ஆஃப் தம்யான்’ திரையரங்குகளுக்கு வந்தது. டைரக்‌ஷன் ராஜீவ் சிலகாவே. தியேட்டரில் மூலை லோகோ கிடையாது. எந்த வெளிநாட்டுக் கோட்டையும் சிங்கமும் வந்து உரிமை கோரவில்லை. ஹைதராபாத்தில் வரைந்து, ஹைதராபாத்துக்கே சொந்தமான பையனோடு, கிரீன் கோல்டு தன் பெயரில் பெரிய திரைக்கு வந்தது. அடுத்த வருடம் ‘த்ரோன் ஆஃப் பாலி’, 2016இல் இமயமலை, 2019இல் குங்ஃபூ. 2024 மே 31 அன்று அதே தம்யான் கதையை நிஜ நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தார். பட்டா கையில் இருப்பவர் வீட்டை இடித்தும் கட்டலாம்.

மாதாப்பூரில் இன்றைக்கும் இரண்டு தொழிலும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. வெளிநாட்டு ஷாட்களுக்கு ரோட்டோ (உருவங்களை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கத்தரித்தெடுக்கும் வேலை) செய்யும் கூடங்கள் ஒரு மாடியில், சொந்தப் பாத்திரத்தை எந்தச் சேனலிடமாவது விற்கத் துடிக்கும் நாலு பேர் அடுத்த மாடியில். கிருஷ்ணா நகர்ப் பக்கம் போனால் சின்னச் சின்னக் கிராஃபிக்ஸ் கடைகளில் மூன்றாவது வகையும் உண்டு: புதுத் தயாரிப்பாளர்களுக்கு லோகோ செய்து தருபவர்கள். தங்க எழுத்து, பின்னால் சூரியன், பறந்து போகும் புறா. முதல் படத்தோடு பல கம்பெனிகள் மூடிவிடும். லோகோ மட்டும் அந்தக் கடையின் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும்.

பீம் கதையில் இன்னொரு திருப்பம் பாக்கி. 2019 ஏப்ரல் 12 அன்று நெட்ஃபிளிக்ஸில் ‘மைட்டி லிட்டில் பீம்’ வந்தது. பீம் தவழும் குழந்தையாக. பேச்சே கிடையாது, அதனால் மொழிமாற்றத் தேவையும் கிடையாது. அந்த மேசைவிளக்குக் குட்டியின் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்லலாம். கிரீன் கோல்டு செய்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். போட்டுப் பாருங்கள். முதலில் கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்து, அந்த இரட்டைத் தட்டல் ஓசை. அது நெட்ஃபிளிக்ஸின் முதல் அட்டை. பிறகு குழந்தை, லட்டு, களேபரம். முடிந்ததும் ஹைதராபாத் பெயர்கள் மேலேறத் தொடங்கும். நாலைந்து பெயர் வருவதற்குள் அந்தப் படம் ஒரு மூலைக்குச் சுருங்கி, அடுத்த பகுதி தானாகவே ஓட ஆரம்பித்துவிடும்.

(அடுத்த இதழில்: திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் டூன்ஸ்)